படுத்துக்கிடந்த பதினெட்டு நாட்கள்

திற்பரப்பில், அருவிக்கு மேலே மேட்டில், அதிகாரிகள் வந்து தங்குவதற்காகச் சர்க்கார் கட்டிய முசாவரி பங்களா ஒன்று இருந்தது. என் கணவர் அதற்குக் காவற்காரர். பதினாறு வயதில் கல்யாணமாகி, பங்களாவின் பின்புறம் காவற்காரருக்கென்று ஒதுக்கியிருந்த இரண்டு அறை வீட்டுக்குப் போனேன். மூன்று பிள்ளைகளையும் அங்கேதான் பெற்றேன். மூன்று பேரும் அங்கிருந்துதான் போனார்கள்.

பங்களாவை ஒரு பொழுதும் ஆளில்லாமல் விடக்கூடாது என்று உத்தரவு. மராமத்து இன்ஜினியர், காட்டிலாகா அதிகாரி, தாசில்தார் என்று யார் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. சில சமயம் முந்தின நாளே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவான். பல சமயம் வாசலில் வண்டி வந்து நின்ற பிறகுதான் தெரியும். மழைக்காலத்தில் அருவியின் இரைச்சலில் வண்டிமணியும் கேட்காது. அதனால் எங்கள் இருவரில் ஒருவர் எப்போதும் அங்கே இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் நான்தான். வருகிறவர்களுக்கு நான் சமைத்துப் போட வேண்டும் என்று உத்தரவு எதுவும் கிடையாது. அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் கூட இருந்தவரை இதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. பாறையில் வழுக்கி விழாதே, வராந்தாவில் துரை இருக்கிறார் சத்தம் போடாதே என்று அதட்டியே என் பொழுது போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட பிள்ளைகளையும் அவரையும் அனுப்பிவிட்டு நான் வீட்டில் இருந்துகொள்வேன். அவர்கள் திரும்பி வந்து உபதேசியார் என்ன பேசினார் என்று மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

முதலில் போனது மூத்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. உபதேசியாரின் உறவினர் ஒருவர் மூலமாக இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எழுத்து வேலை கிடைத்தது. தூத்துக்குடியில் கப்பல் ஏற்றிவிட அவன் அப்பா போனார். ஒருவர் போனால் மற்றவர் இருக்க வேண்டுமே. நான் பங்களாவின் கேட்டு வரை போனேன். அவன் இறக்கத்தில் இறங்கி, வளைவில் ஒரு தடவை நின்று கையைத் தூக்கிக் காட்டினான். பிறகு றப்பர் மரங்கள் மறைத்துவிட்டன.

மூத்த மகளை வட்டக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கொடுத்தோம். மார்த்தாண்டத்தில் கல்யாணம். பாதி நாளுக்கு மட்டும் பங்களாவில் ஒரு ஆளை நிறுத்திவிட்டுப் போனோம். விருந்துப் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து நான் திரும்பிவிட்டேன். அன்று மாலை ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. சர்க்கார் இடத்தில் பிரசவம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள். சரி, அவள் புகுந்த வீட்டிலேயே நடக்கட்டும், நான் போய் இருந்துவிட்டு வருகிறேன் என்று துணியெல்லாம் மடித்து வைத்தேன். அப்போது ஒரு சர்க்கார் கூட்டம் வரப்போகிறது, தயாராக இருங்கள் என்று ஆள் வந்தது. ஆறு நாள் காத்திருந்தோம். அவர்கள் வரவே இல்லை. அந்த ஆறு நாளில்தான் என் பேரன் பிறந்தான். அவன் தவழ ஆரம்பித்த பிறகுதான் அவனை நான் பார்த்தேன்.

அப்போதும் இளையவள் என்னோடு இருந்தாள். மூத்த இருவருக்கும் சேர்த்து அவளை நான் பிடித்துக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது. அவள் ஏழாம் வகுப்பு முடித்தவள். வேதப்புத்தகத்தைத் தடங்கலில்லாமல் வாசிப்பாள். அவளுக்குப் பதினேழு வயதானபோது, மிஷன் ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு நர்ஸ் வேலை பழக்குகிறார்களாம், நான் போகிறேன் என்றாள். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். கண்டவர்களின் புண்ணைத் தொடுகிற வேலை, பிறகு யார் கட்டிக்கொள்வார்கள் என்றார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து அதையே சொன்னேன். எனக்குப் புண்ணைப் பற்றிக் கவலை இல்லை. அவள் போகக் கூடாது என்பதற்கு எனக்கு அகப்பட்ட காரணம் அதுதான்.

அவள் விடவில்லை. அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். அவரே கொண்டுபோய் விட்டார். நான் கேட்டு வரை போனேன்.

அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டு நின்று பார்ப்பேன். அவளுடைய பழைய தாவணியை அரிசிப் பானைக்கு மூடு துணியாக வைத்திருந்தேன். பிறகு அதை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தேன், மறுபடி எடுத்தேன். பங்களாவில் யாரும் தங்காத நாட்களில் அறைகளைத் திறந்து, துடைத்த மேசையையே மறுபடி துடைப்பேன். தங்க வருகிற அதிகாரிகளின் மனைவிமார் குழந்தைகளோடு வந்தால் அவர்கள் மேல் எனக்குக் காரணமில்லாமல் கோபம் வரும். கறியில் உப்பைக் கூட்டிப் போடலாமா என்றுகூட ஒரு தடவை தோன்றியது. போடவில்லை.

கணவர் குறைவாகப் பேசுகிறவர். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே, "பிள்ளியளுன்னா போவத்தான் செய்யும், கேட்டியா?" என்றார்.

"நீங்க மூணு தடவையும் கூடப் போனீய. வழியனுப்ப நான் இந்தக் கேட்டுக்க அங்கோட்டு போயிருக்கனா?" என்று கேட்டேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

ஆடி மாதச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள். அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. பங்களாவின் வருகைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருந்த பென்சிலை எடுத்து வந்து அவளுக்குக் கடிதம் எழுதினேன். நான் நாலாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். "அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. எனக்கு மிகவும் தீனமாக இருக்கிறது. எழுந்திருக்க முடியவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது." தீனம் என்றால் எங்கள் பக்கம் நோய். இவ்வளவுதான் எழுதினேன். கடைசி வரி மட்டும் உண்மை. அதை மட்டும் எழுதியிருக்கலாமே என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அதை மட்டும் எழுத எனக்கு வரவில்லை. என்னைப் பார்க்க வா என்று ஒரு தாய் கூப்பிட்டால் பிள்ளை வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லாமல் போயிருந்தது.

கடிதத்தை அஞ்சல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து, மீன் கழுவி, கறி வைத்து, கணவருக்குப் பரிமாறினேன். மறுநாள் காலையில் படுத்துக்கொண்டேன். "என்ன செய்யுது?" என்று கேட்டார். "சீணமா இருக்கு" என்றேன். அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் அவள் வந்துவிட்டாள். மார்த்தாண்டம் வரை பஸ், அங்கிருந்து கிடைத்த மாட்டுவண்டியில் பாதி வழி, மீதி நடை. சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. பையை வைத்த கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். உதடு அசைய எண்ணினாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். அவள் விரல்கள் மாறியிருந்தன. என் மகளின் விரல்கள் அப்படித் தயங்காமல் தொட்டதில்லை.

"காய்ச்சல் இல்லியே அம்மா. எங்க நோவுது?"

"இன்ன இடமுன்னு இல்ல மக்ளே. எந்திச்சா தல சுத்துது."

"பத்து நாளு லீவு தந்திருக்காவ. அதுக்குள்ள எழுப்பி உட்கார வச்சிருதேன், பாரு."

அன்று முதல் வீடு அவள் கைக்குப் போனது. அடுப்பு, கிணறு, பங்களா அறைகள், வருகிறவர்களுக்குக் காப்பி, எல்லாம் அவள். எனக்குக் கஞ்சி காய்ச்சி, பப்படம் சுட்டு, பக்கத்தில் இருந்து குடிக்க வைப்பாள். தலை வாரி விடுவாள். முதல் நான்கு நாள் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். அவள் அடுக்களையில் நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன்.

ஐந்தாம் நாளிலிருந்து அது வேறு மாதிரி ஆனது. நோயாளிக் கஞ்சி எனக்குப் பற்றவில்லை. அவள் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போன சமயம் பார்த்து எழுந்து, பானையில் இருந்த ஆறிப்போன மரச்சீனிக் கிழங்கை நின்றபடி தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து படுப்பேன். படுத்துப் படுத்து முதுகும் இடுப்பும் உண்மையாகவே வலிக்கத் தொடங்கின. எழுந்து நடந்தால் அவள் போய்விடுவாள். படுத்திருந்தால் இந்தப் பாயைவிட்டு நகர முடியாது. முன்பு பங்களாவின் எல்லைக்குள் இருந்தேன். இப்போது ஒரு பாயின் எல்லைக்குள் இருந்தேன். அதில் என்னைக் கொண்டு போட்டது சர்க்கார் இல்லை.

அதைவிடக் கஷ்டம் அவளுடைய நோட்டுப் புத்தகம். கெட்டி அட்டை போட்டது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அதில் எழுதி வைத்திருந்தாள். மத்தியானம் வேலை ஒழிந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படிப்பாள். நடுவில் என்னிடம் கேட்பாள்.

"பசி எடுக்குதா அம்மா?"

"இல்ல."

"காலு மரத்துப் போவுதா?"

"எப்பமாவது."

"நெஞ்சு படபடன்னு அடிக்குதா?"

"ஆமா."

மறுநாள் அதையே கேட்டால் வேறு பதில் சொல்வேன். நேற்று என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவிருக்காது. அவளுக்கு நினைவிருக்கும். எழுதி வைப்பாள். என் நோய் அவள் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒரு நாள் அவள் புத்தகத்தை மூடிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கண்ணை மூடித் தூங்குவது போல் கிடந்தேன்.

பத்து நாள் முடிந்தது. அவள் போகிற பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அந்த வாரம் காட்டிலாகா அதிகாரி ஒருவர் மனைவியோடு வந்து மூன்று நாள் தங்கினார். வராந்தாவில் அந்த அம்மாள் என் கணவரிடம் பேசுவது எனக்குக் கேட்டது. "உங்க மகளா? நல்ல கைப்பக்குவம். இனி இவளே இருக்கட்டும். அம்மாவுக்கும் ஓய்வாகும்." கணவர் "ஆகட்டும் அம்மா" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்றுதான் எழுத வேண்டும்.

அன்று சாயங்காலம் அவள் கேட்டடியில் நிற்பதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். மழை விட்டிருந்தது. கையில் அதிகாரியின் சேறு பிடித்த பூட்ஸ் இரண்டு. துடைக்க எடுத்துக்கொண்டு போனவள் துடைக்காமல், இறங்கிப் போகிற பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள். அப்போதே நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. இன்னும் இரண்டு நாள், இன்னும் இரண்டு நாள் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

பதினேழாம் நாள் மாலை அவள் அப்பாவிடம் அடுக்களை வாசலில் நின்று சொன்னாள்.

"அப்பா, நாளைக்கு ஒரு வண்டி வேணும். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பாத்தாச்சு. இது உள்ளுக்குள்ள என்னவோ பெரிய தீனமாக்கும். டாக்டருக்கிட்ட கொண்டு காட்டியே ஆவணும்."

அவர் வண்டிக்குச் சொல்லப் போனார்.

பதினெட்டாம் நாள் விடிந்ததும் அவள் என் துணிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"மக்ளே, எனக்குத் தீனம் ஒண்ணுமில்ல."

"தீனக்காரங்க எல்லாம் அப்படித்தான் சொல்லுவாவ. ஆஸ்பத்திரின்னா பயம்."

"பயமில்ல. நான் பொய்யாக்கும் எழுதினேன்."

அவள் நம்பவில்லை. பிச்சுப் பிடித்துப் பிதற்றுகிறேன் என்று நினைத்து நெற்றியில் கை வைத்தாள். நான் எழுந்து அடுக்களைக்குப் போய், நிறைந்திருந்த தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு முற்றம் வரை நடந்து, அங்கே இறக்கி வைத்தேன்.  குடம் தளும்பவில்லை. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் படியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் புத்தகத்த மூணு தடவ படிச்சேன்" என்றாள். "நான் ஒழுங்காப் படிக்கல்ல, அதான் கண்டுபிடிக்க முடியல்லன்னு நெனச்சேன்."

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்க இடம் போச்சம்மா. லீவு முடிஞ்ச அன்னைக்கே எழுதிப் போட்டாச்சு. அம்மைக்குச் சுகமில்ல, இனி என்னால வர முடியாதுன்னு."

வண்டி வந்து நின்றது. கணவர் வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பப் போனார். நான் தடுத்தேன். சேலையை மாற்றிக்கொண்டு வந்து, அவளிடம், "ஏறு" என்றேன்.

"இன்னைக்கு மராமத்து இன்ஜினியர் வருவாருன்னு சொல்லியிருக்கே" என்றார் கணவர்.

"வரட்டும். அரிசி பானையில இருக்கு. அடுப்பு அது இருந்த இடத்துல இருக்கு."

கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் நகர்ந்து வழிவிட்டார்.

வண்டியில் அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினோம். பஸ்ஸில் எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. அதுவரை நான் பஸ்ஸில் ஏறியதே இல்லை. அவள் என் தலையைப் பிடித்துக்கொண்டாள், முகத்தைத் துடைத்தாள், மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ்மார்களுக்குப் பொறுப்பாக இருந்தது ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா. புத்தகத் தமிழ் பேசுவார். நான் அவர் மேசைக்கு முன்னால் நின்று, என் மகள் பொய் சொல்லவில்லை, நான்தான் பொய் எழுதி வரவழைத்தேன், எனக்கு ஒரு நோயும் இல்லை என்று சொன்னேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவளுடைய இடத்தில் வேறொரு பெண்ணைச் சேர்த்துவிட்டோம்" என்றார். "நீங்கள் இதைச் சில தினங்களுக்கு முன்பு சொல்லியிருக்க வேண்டும்."

"ஆமாம்மா."

"மாசி மாதம் புதிய வகுப்பு ஆரம்பமாகும். இவள் முதலிலிருந்து படிக்கலாம். அதுவரை வீட்டில் இருக்கட்டும்."

பதினோரு மாதப் படிப்பு போயிற்று. மாசிக்கு இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது. ஆறு மாதம் அவள் வீட்டில் இருப்பாள் என்று என் மனம் கணக்குப் போட்டது. அந்த இடத்தில், அந்த வேளையிலும் போட்டது. அவள் முன்னால் வந்து, "அதுவரை வார்டு பெருக்குற வேலையாவது தாங்கம்மா, இங்கேயே இருந்துக்கிடுதேன்" என்றாள்.

மிஸ்ஸியம்மா சிறிது யோசித்து, சரி என்றார்.

திரும்பும் முன் அவள் தங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு போனாள். நீளமான அறை, வரிசையாகக் கட்டில்கள். அவளுடைய பழைய கட்டிலில் இப்போது வேறு பெண்ணின் துணி கிடந்தது. அவளுக்கு மூலையில் ஒரு பாய் கொடுத்தார்கள். இரண்டு மூன்று பெண்கள் ஓடி வந்து, "அம்மைக்கு இப்பம் சுகமா?" என்று என்னிடம் கேட்டார்கள். "சுகம்" என்றாள் அவள், என்னை முந்திக்கொண்டு.

வாசல் வரை என்னோடு வந்தாள். "பஸ்ஸுல முன்னால இரு. வாந்தி வராது" என்றாள். அவ்வளவுதான்.

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. இன்ஜினியர் வந்துவிட்டுப் போயிருந்தார். அரிசி அடிப்பிடித்து, பானை கறுத்து முற்றத்தில் கிடந்தது.

"என்ன குடுத்தீய அவருக்கு?"

"ரெண்டு பழம் தின்னாரு. கட்டன் காப்பி குடிச்சாரு." கறுத்த பானையைப் பார்த்தபடி, "எழுதிக் கேட்பாருன்னு தோணுது" என்றார். கேட்டார்கள். விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. மனைவிக்குச் சுகமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள் என்று அவர் பதில் எழுதினார். அதை எழுதும்போது என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அவள் ஒன்றரை வருஷம் வீட்டுக்கு வரவில்லை. கடிதம் வரும், நாலு வரி. மாசியில் புதிய வகுப்பில் சேர்ந்தாள், தன்னைவிடச் சின்னப் பெண்களோடு உட்கார்ந்து படித்தாள். படிப்பு முடிந்து, கொல்லம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த ஒன்றரை வருஷத்தின் கடைசியில் எனக்கு உண்மையாகவே மலைக்காய்ச்சல் வந்து குளிரில் தூக்கித் தூக்கிப் போட்டது. அவளுக்கு எழுதட்டுமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். எந்த வார்த்தையை எழுதுவது? தீனம் என்ற வார்த்தையை நான் ஏற்கெனவே செலவழித்துவிட்டேன். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு அவள் வந்து சேர்ந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. "சொல்லியிருக்கலாமே" என்று கோபப்பட்டாள். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். அப்போதிலிருந்து எங்களுக்குள் பேச்சு கொஞ்சம் இளகியது. முன்பு போல் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பங்களாவில் நாங்கள் மேலும் ஐந்து வருஷம் இருந்தோம். கணவர் சோறு வடிக்கப் பழகினார். பிறகு மீன்கறியும். மாதத்தில் ஒரு நாள் என்னுடையது என்று பேசிக்கொண்டோம். அந்த நாளில் இளையவளிடம் போனது, அவள் கொல்லம் போவதற்கு முன், மூன்றோ நான்கோ தடவைதான். மூத்தவள் வீட்டுக்கு இரண்டு தடவை. மற்ற மாதங்களில் மார்த்தாண்டம் வரை மட்டும் போவேன். சந்தையில் பாத்திரக்காரர்களையும் கருவாட்டுக்காரிகளையும் பார்த்துக்கொண்டு நடப்பேன். யாருக்கும் நான் அங்கே வேண்டியிருக்காது, யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். முதல் மாதம் அது பயமாக இருந்தது. பிறகு அந்த நாளுக்காகவே மற்ற நாட்களை எண்ணினேன். அப்போது குலசேகரம் வரை பஸ் ஓட ஆரம்பித்திருந்தது; அந்த மூன்று மணி பஸ்ஸை விட்டால் இருட்டுவதற்குள் மேடேற முடியாது என்பதால், இரண்டரைக்கே போய் நின்றுகொள்வேன்.